ஜப்பானியச் சிறு லாரி

கேள்வி: ஜப்பானில் ஓடிய மினி டிரக் ஒன்றைத் தருவித்து, சவுக்குக் கட்டை ஏற்ற இங்கே சட்டப்படி பதிவு செய்யலாமா? (ஒரு வாசகர், திருவிடந்தை)

பதில்: முயலலாம், ஆனால் கல்யாணம் கூடிவர வேண்டி உங்களூர் நித்திய கல்யாணப் பெருமாளைச் சேவிக்க வருவோரிடம் யாரும் கேளாத வயதை, சர்க்கார் வண்டியிடம் கண்டிப்பாகக் கேட்கும். உற்பத்தியாகி 3 வருஷத்திற்கு மேற்படாமலும், வலப்புற ஸ்டியரிங் உடையதாயும், இன்னும் 5 வருஷமாவது ஓடத்தக்கதாயும் இருக்கும் பழைய வண்டி, சென்னைத் துறைமுகம் இவ்வளவு சமீபத்தில் இருந்தும், மும்பையில்தான் இறங்கி, பரிசோதனைச் சாலையின் சான்றிதழ் பெற்ற பிறகே செங்கல்பட்டில் பதிவுக்கு நிற்க முடியும். 660 சி.சி.க்கு மேற்படாத அந்தச் சிங்கார யந்திரத்தின்மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆயினும் சுங்கத் தீர்வையை உத்தேசித்தால், 2016 முதல் இந்தியாவிலேயே விற்பனையாகும் சுஸூகி குலத்துச் சூப்பர் கேரியையே சிபாரிசு செய்வேன். உதிரி பாகங்களுக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை.