சொட்டும் குழாயும் ஆராய்ச்சி மணியும்: நெய்வேலிப் புகாரியலுக்கு ஒரு முன்னுரை

கல்வெட்டுக்கு ஆய்வாளர் உண்டு, பானை ஓட்டுக்கு உண்டு, பழைய காசுக்கும் உண்டு. குழாய் சொட்டுகிறது என்று ஒருவர் போய்ச் சொல்லிவிட்டு வரும் செயலை மட்டும் அறிஞர் உலகம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. குறைகளை ஆராயும் துறை இத்தனை குறையோடு கிடப்பது நியாயமல்ல. ஆகவே இச்சிறு முயற்சி. களம் நெய்வேலி நகரியம்.

நெய்வேலியின் முதல் புகார் தண்ணீரைப் பற்றியது. 1930களில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் போட்ட கிணற்றில் தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அவர் அரசாங்கத்துக்குத் தெரியப்படுத்தினார். வரலாற்றாசிரியர்கள் இதைக் கண்டுபிடிப்பு என்பர். புகாரியலார் அதை ஏற்பதற்கில்லை. ‘தண்ணி கறுப்பா வருது’ என்பது சகல லட்சணங்களும் பொருந்திய புகார். நடவடிக்கையும் இருந்தது. 1956 நவம்பர் 14இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. சொன்னதற்கும் தீர்வுக்கும் இடையே கால் நூற்றாண்டு. அதற்குள் சுற்றியிருந்த ஊர்கள் பல இடம்பெயர்ந்துவிட்டன. இன்றைக்கும் தண்ணீர் சற்றுக் கலங்கி வந்தால் சிலர் வாய் திறக்காமல் வடிகட்டிக் குடிப்பதற்கு இந்த முன்னுதாரணம் காரணமாகலாம். சொல்லப்போய், அடுப்படிக்குக் கீழேயும் தோண்ட வந்துவிட்டால்?

இனி அரசியல் அமைப்பு. மற்ற ஊர்களில் புகார்தாரருக்கு ஒரு கவுன்சிலர் இருப்பார். அவர் வேலையைச் செய்யாவிட்டாலும் திட்டுவதற்காவது அகப்படுவார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தோற்கடிக்கப்படவும் கூடும். நகரியத்தில் நகராட்சி இல்லை, வார்டு இல்லை, கவுன்சிலரும் இல்லை. சம்பளம், குவாட்டர்ஸ், மின்சாரம், தண்ணீர், தெருவிளக்கு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அந்த நிறுவனத்தின் ஒரே கையிலிருந்து வருகின்றன. இப்படியொரு ஊரை அரசியல் சட்டமே நினைத்துப் பார்த்திருக்கிறது: நகராட்சிகளுக்காக வந்த 74ஆவது திருத்தத்தில், தொழில் நிறுவனம் வசதிகளைச் செய்துதரும் இடத்தை ஆளுநர் தொழில் நகரியமாக அறிவித்து, நகராட்சி அமைக்காமல் விடலாம் என்று ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்கில் புகார்தாரரின் மனநிலை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த மனநிலை நுட்பமானது. புகார் சொல்பவரும் கம்பெனி, கேட்பவரும் கம்பெனி, ஏணியோடு வருபவர் கம்பெனியின் ஒப்பந்தத் தொழிலாளி. உள்ளாட்சி வாக்குச்சீட்டு கிடையாது என்பதால் உறவே அதன் வேலையைச் செய்கிறது. உரையாடல் இப்படித்தான் போகும்:

“எந்த பிளாக்கு சார்?”

“இருபத்தொண்ணு. தம்பி, நீங்க மந்தாரக்குப்பமா?”

“ஆமா சார்.”

“அங்க நம்ம மச்சான் ஒருத்தர் இருக்காரு. ரெண்டாவது சுரங்கத்துல, உங்க சித்தப்பாவோட ஒரே ஷிப்டு.”

கவனிக்க, குழாய் இன்னும் பேச்சுக்குள் வரவே இல்லை. நகரியப் புகாரியலின் முதல் விதி இதுதான்: பழுதின் அளவு எதுவாயினும், மச்சானின் ஷிப்டைப் பொறுத்தே அதன் கனம் கூடும் அல்லது குறையும்.

ஷிப்டு என்றதும் இரண்டாவது விதி வருகிறது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் மூன்று ஷிப்டில் ஓடுகின்றன, ஊரும் அப்படியே. மற்ற ஊர்களில் சத்தம் என்பது இரவின் புகார். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி, நடுநிசியில் நாய். நெய்வேலியிலோ சத்தத்தின் உச்சம் காலை பதினோரு மணி. இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் ஜன்னலை அடைத்துப் போர்வையை இழுக்கும் அந்த வேளையில்தான் பழைய இரும்பு பேப்பர்காரரின் வண்டி தெருவில் நுழையும். முருங்கைக்காய் விற்பவர் ஒலிப்பதிவை ஓடவிடுவார். கோடை விடுமுறையென்றால் பந்து கதவில் வந்து மோதும். அவர் எழுந்து வந்து கத்தும்போது எதிர்வீட்டுக்காரர், அன்று பகல் ஷிப்டு விடுப்பில் இருப்பவர், “பட்டப்பகல்ல புள்ளைங்க விளையாடக் கூடாதா?” என்று கேட்பார். இருவரும் சரி. ஒரே தெருவில் ஒருவருக்கு நள்ளிரவு, மற்றவருக்கு முற்பகல். உலக நேர மண்டலங்களைப் பிரித்தவர்கள் இந்தத் தெருவுக்கு வரவில்லை.

குழாய்ச் சொட்டும் இதோடு சேர்ந்ததே. நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் மாபெரும் நீரடுக்கு இருக்கிறது. அதன் அழுத்தம் கீழிருந்து மேலே தள்ளுவதால், சுரங்கத் தளம் பிளந்துவிடாதிருக்க ராப்பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். சென்னை தவித்த காலங்களில் இந்தப் பகுதி ஆழ்துளைக் கிணறுகளின் நீர் தலைநகர் வரை போயிருக்கிறது. அத்தனை பெரிய நீருக்கு மேலே கட்டில் போட்டுப் படுத்திருப்பவரின் தூக்கத்தைக் கெடுப்பது சமையலறைக் குழாயின் ஒற்றைச் சொட்டு. வாஷர் தேய்ந்திருக்கிறது, அவ்வளவே. மாற்றக் கால் மணி நேரம் போதும். ஆனால் அதைச் சொல்லப் பகலில் போகவேண்டும். பகலில் அவர் தூங்கவேண்டும்.

மாடுகளைப் பற்றிச் சொல்லாமல் இத்துறை நிறைவடையாது. தமிழ் மரபில் முறைப்படி புகார் கொடுத்தவர்களில் மிகப் புகழ்பெற்றது ஒரு பசு. திருவாரூரில் மணியை அடித்தது. மனுத்தாள் இல்லை, ஒப்புகைச் சீட்டு இல்லை, நினைவூட்டுக் கடிதமும் இல்லை. மனுநீதிச் சோழன் நேரே இறங்கி வந்தான். தீர்ப்பின் கடுமை பற்றி இங்கே விவாதம் வேண்டாம்; வேகத்தை மட்டும் குறித்துக்கொள்வோம். நெய்வேலியில் பசுவின் நிலை தலைகீழ். திறந்திருந்த கேட் வழியே புகுந்து செம்பருத்தியை மேய்ந்த குற்றத்துக்காக இங்கே பசுவின் மீது புகார். அதன் தரப்பைக் கேட்க மணி எதுவும் தொங்கவில்லை என்பதையும் நேர்மையான ஆய்வு பதிவுசெய்ய வேண்டும்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டி முந்திரியும் பலாவும் சாய்ந்தன. நகரியத்தின் நிழல் மரங்களும் விழுந்தன. அதற்கு முன்பு வரை ‘பக்கத்து வீட்டு மரத்துக் கிளை நம்ம ஓட்டுல உரசுது’ என்பது மதிப்புமிக்க புகார். ஊரே விழுந்த மரமாய்க் கிடந்தபோது அதைச் சொல்ல வெட்கமாகிவிட்டது. இதிலிருந்து பெறப்படுவது: புகார் பிறக்க ஒரு வீட்டில் பழுது இருந்தால் போதாது, அடுத்த வீட்டில் அது இல்லாமலும் இருக்கவேண்டும்.

ஒரு எல்லைக்குறிப்பு. கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களும் இழப்பீடும் வேலையும் கேட்டு மனுவோடு போவதுண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பயிர் நின்ற நெல்வயலில் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. அவை இந்தக் கட்டுரையின் ‘புகார்’ வகைக்குள் அடங்கா. சொட்டும் குழாயை வைத்துச் சிரிக்கலாம். அவற்றை வைத்துச் சிரிக்க இத்துறைக்கு உரிமை இல்லை.

ஓய்வுபெற்றவர்கள் தனிப் பிரிவு. குவாட்டர்ஸைக் காலி செய்து வடக்குத்துப் பக்கமோ இந்திரா நகரிலோ வீடு கட்டிக்கொண்டவருக்கு வாழ்நாளில் முதல்முறையாக ஊராட்சித் தலைவர் வாய்க்கிறார். வீட்டுவரி கட்டுகிறார், தலைவரைத் திட்டுகிறார், ஓட்டும் போடுகிறார். ஆனால் மாலையில் நகரியத்துச் சாலையில் நடைப்பயிற்சிக்கு வரும்போது, தான் காலி செய்த வீட்டு வாசலில் நின்று, “இந்த வடிகாலு எங்க காலத்துல அடைச்சதே இல்ல” என்பார். அடைத்திருந்தது. அன்று புகார் கொடுத்தவரே அவர்தான்.

கடைசியாக மேல்முறையீடு. நகரியத்துச் சிவன் கோயிலில் 10 அடிக்கு மேல் உயரமான பஞ்சலோக நடராஜர் இருக்கிறார். அவர் சந்நிதியில் மனு போட ஒரு பெட்டியும் அடிக்க ஒரு ஆராய்ச்சி மணியும் வைத்திருக்கிறார்கள். பக்தர்கள் குறையை எழுதிப் பெட்டியில் போட்டு மணியை அடித்துவிட்டுப் போகிறார்கள். கல்யாணம், வேலை, நோய் ஆகியவை இங்கே வரும். குழாய் வாஷரை இறைவனிடம் கொண்டுபோவது வரம்பு மீறலா என்பதில் புகாரியலாரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இன்னும் சிக்கலான கேள்வியொன்றைப் பின்வரும் ஆய்வாளர்களுக்கு விட்டுவைக்கிறோம். கூத்தனும் நகரியவாசியே. கோயில் வளாகத்துக் குழாய் சொட்டத் தொடங்கினால் அவரும் நகர நிர்வாகத்துக்குத்தான் சொல்லியனுப்ப வேண்டும். அங்கே அவரிடமும் முதல் கேள்வி, “எந்த பிளாக்கு சார்?”