மல்லாட்டைக் காலத்து வருகைப் பதிவேடு

திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே இருக்கிற மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கத் தொடங்கிவிட்டால், எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ‘ஆ’ போட்டுப் போட்டே பக்கம் சிவந்துபோகும். 1970களின் தொடக்கம் அது. பெரியவர்கள் செடியைப் பிடுங்கிக் காய் ஆய்வார்கள். நாங்கள் பிடுங்கின கொல்லையில் குச்சியால் மண்ணைக் கிளறி, அறுந்து தங்கிப்போன காயைப் பொறுக்குவோம். பெரிய வாத்தியார் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டுக் கொல்லைக்கே வந்துவிடுவார். "ஏம்பா, பரிட்சை வருதில்ல?" என்று அப்பாவிடம் ஒரு வார்த்தைதான். அதற்கு மேல் அதட்ட மாட்டார். அந்தக் கூலி வீட்டுக்கு எவ்வளவு வேண்டியது என்று அவருக்குத் தெரியும். நாங்கள் டவுசர் பை கனக்கக் கனக்க அவர் சைக்கிளுக்குப் பின்னால் ஓடுவோம்.

அந்தச் சில வாரங்கள் நீங்கலாக மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. கூரைக் கொட்டாய் ஒன்று, அதை ஒட்டி ஓடு போட்ட அறை ஒன்று, வேப்பமரம் ஒன்று. வாத்தியார்கள் இரண்டு பேர். ஒண்ணாவது பிள்ளைகள் வேப்பமரத்தடி மணலில் விரலால் ‘அ’ எழுதுவார்கள். நாலாவதும் அஞ்சாவதும் ஓட்டு அறையில். மழை வந்தால் எல்லா வகுப்பும் அந்த ஓர் அறைக்குள். வாய்ப்பாடு ஒரு மூலையிலிருந்தும் மனப்பாடப் பாட்டு இன்னொரு மூலையிலிருந்தும் கிளம்பும். ரெண்டாவதில் இருந்தவன் அஞ்சாவது பாடத்தைக் காதால் கேட்டே படித்துவிடுவான்.

சேர்க்கைக்கு எந்தக் காகிதமும் கிடையாது. வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக் காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பிறந்த தேதியை வாத்தியாரே போட்டுக்கொள்வார். என் வயதுக்காரர்கள் பலருடைய சான்றிதழில் பிறந்த நாள் மே, ஜூன் மாதங்களிலேயே விழுந்திருப்பது அதனால்தான்.

கரும்பலகைக்குச் சாயம் பூசுவது வெள்ளிக்கிழமை மத்தியான வேலை. வேலியில் கோவையிலை பறித்து வர நான்கு பேர், வீட்டு அடுப்பிலிருந்து கரி கொண்டுவர இரண்டு பேர். கரியைக் கல்லில் வைத்து மையாக இடிக்க வேண்டும். கோவையிலையைக் கசக்கிச் சாறு இறங்கியதும் கரித்தூளோடு சேர்த்துப் பலகையில் தேய்க்க வேண்டும். மேலிருந்து கீழாகத் தேய்க்காமல் வட்டமாகத் தேய்த்தால் திட்டுத் திட்டாகக் காயும், சுண்ணக்கட்டி பிடிக்காது. அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த அஞ்சாவது பிள்ளைக்கு வகுப்பில் தனி மதிப்பு. முழங்கை வரைக்கும் கறுப்பும் பச்சையுமாக வீட்டுக்குப் போவோம். திங்கட்கிழமை காலையில் அந்தப் பலகையில் முதல் எழுத்து வெள்ளையாக விழும்போது எங்களுக்கே எழுதினமாதிரி இருக்கும்.

ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் படித்தோம். மணியக்காரர் வீட்டுப் பையனும் மாடு மேய்க்கிறவர் மகனும் ஒரே கோணியில் உட்கார்ந்தோம். ஆனால் ‘ஊர்’ என்று நாங்கள் சொன்னதில் தலித் மக்கள் குடியிருந்த காலனி சேராது. பல கிராமங்களில் காலனிக்கென்று நலத்துறைப் பள்ளி தனியாக இருந்தது. எங்கள் ஊரில் அது இல்லாததால் காலனிப் பிள்ளைகள் எங்கள் கொட்டாய்க்கு வந்து வாசலோரம் உட்கார்ந்தார்கள். பானைத் தண்ணீரை அவர்கள் மொள்ளக் கூடாது, யாராவது ஊற்ற வேண்டும். ஏரிக்கரையில் குடியிருந்த இருளர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் பதிவேட்டிலேயே இல்லை. அவர்களைக் கூப்பிட்டுச் சேர்க்க வேண்டும் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தைப் பொற்காலமாக யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருவது இந்த வாசலோரத்தை நினைத்துத்தான்.

சாப்பாடு என்றால் மத்தியானம் ‘கேர்’ உப்புமா. காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவுக்கு 1960களிலிருந்து அமெரிக்காவின் கேர் அமைப்பு பால்பவுடரும் மாவும் எண்ணெயும் அனுப்பிவந்தது. உப்புமா மஞ்சளாக, கொஞ்சம் கசந்து இருக்கும். வரிசையில் பூவரச இலையோடு நிற்போம். அந்த உப்புமாவுக்காகவே வந்த பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒருவர் பின்னால் விழுப்புரத்தில் வங்கி மேலாளராக ஓய்வு பெற்றார்.

1980களில் நானே ஒன்றியப் பள்ளி ஆசிரியர் ஆனேன். அதற்குள் நிறைய மாறியிருந்தது. 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாகியிருந்தார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியிருந்தார், சோறும் சாம்பாரும் வந்திருந்தன. 1987இல் மத்திய அரசின் கரும்பலகைத் திட்டம் ‘குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர்’ என்றது. 1993இல் தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. அடுத்த ஆண்டே மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்துக்கு நாட்டில் முதல் சுற்றில் எடுத்த மாவட்டங்களில் எங்கள் பகுதியும் இருந்தது. பெண்களின் எழுத்தறிவு தேசிய சராசரிக்கும் கீழே இருந்த மாவட்டங்களைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார்கள் என்பதால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் கொட்டாய் போய் கான்கிரீட் அறைகள் வந்தது அந்தப் பணத்தில்தான்.

ஆசிரியனாக என்னை மிகவும் மாற்றியது 2007இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி.விஜயகுமார் தொடங்கிவைத்தது. நாற்காலியை ஓரம் கட்டிவிட்டுப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். சுவரைச் சுற்றி, பிள்ளை உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம், மேலே அவன் பெயர். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் அவர்கள் வரைந்த படங்கள். அட்டையில் இருக்கும் அணிலையோ முயலையோ பார்த்து, தான் கற்றல் ஏணியில் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். மல்லாட்டைக்காக ஒரு வாரம் வராத பிள்ளை திரும்பி வந்ததும் விட்ட அட்டையிலிருந்தே எடுத்துக்கொண்டது. அதுவரைக்கும் அப்படி வந்த பிள்ளைகளை நாங்கள் பின்வரிசைக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இப்போது அதே பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். சுற்றுச்சுவர் இருக்கிறது. பையனுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை. சீருடை, செருப்பு, பை, வண்ணப் பென்சில் எல்லாம் இலவசம். 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றிலும் காலைச் சிற்றுண்டி. மகளிர் குழுப் பெண்கள் விடியலிலேயே வந்து உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ செய்து, சாம்பாரோடு போடுகிறார்கள். மத்தியானம் முட்டை. ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், சுவரில் ஸ்மார்ட் போர்டு. நாங்கள் படித்த காலத்தில் இதில் ஒன்றுகூடக் கிடையாது.

பிள்ளைகள்தான் இல்லை. ஒண்ணாவதிலிருந்து அஞ்சாவது வரைக்கும் சேர்த்தால் இருபதைத் தொடுவது பாடாக இருக்கிறது. காலை எட்டு மணிக்குத் திண்டிவனத்திலிருந்து வரும் மஞ்சள் வேன்கள் ஆலமரத்தடியில் நின்று, டையும் ஷூவும் போட்ட பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. பிறப்பும் குறைந்திருக்கிறது என்பது உண்மை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. ஆனால் பிறந்த பிள்ளைகளும் வேனில்தான் போகின்றன.

மிச்சம் யார் என்றால், காலனிப் பிள்ளைகள், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்வருகிறவர்களின் பிள்ளைகள், ஏரிக்கரை இருளர் பிள்ளைகள். அன்றைக்கு வாசலோரத்திலும் பதிவேட்டுக்கு வெளியிலும் இருந்தவர்கள்தான் இன்றைக்குப் பதிவேட்டின் முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை. அவர்கள் உள்ளே வந்ததும் ஊர் வெளியே போய்விட்டது. இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. "அங்கே யார் படிக்கிறாங்க" என்று ஊரில் கேட்கிற தொனியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தண்ணீர்ப் பானை போனாலும் அந்தத் தொனி போகவில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் சாதி மேலும் ஆங்கில மோகம் மேலும் போட்டுவிட்டு அரசு தப்பிக்கக் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. இருபது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் என்றால் காகிதத்தில் தாராளம். அந்த இருபது பேர் ஐந்து வகுப்பில் இருக்கிறார்கள். 2013-14இலிருந்து ஆங்கில வழிப் பிரிவும் வந்தது. இரண்டு வழியும் நடக்கிற பள்ளி என்றால் ஐந்து வகுப்பு பத்து ஆகிறது. இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால், அல்லது இணையத்தில் விவரம் ஏற்ற உட்கார்ந்துவிட்டால், மிச்சமிருக்கிற ஒருவர் என்ன செய்வார்? இதே சட்டம்தான் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அதற்கு அரசே பணம் கட்டச் சொல்கிறது. ஊர்ப்பிள்ளையை வேனில் ஏற்றிவிட அரசிடம் பணம் இருக்கிறது. மூன்றாவது ஆசிரியருக்கு இல்லை. பிள்ளை குறைந்ததால் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இல்லாததால் பிள்ளை குறைகிறது. செக்குமாடு சுற்றுகிறமாதிரி இதே தடத்தில் சுற்றிச் சுற்றி, கடைசியில் ஒருநாள் சேர்க்கை பூஜ்யம் என்று கதவை மூடுவார்கள். 2019இல் பிள்ளைகளே இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக மாற்றினார்கள். நூலகம் நல்லதுதான். ஆனால் அந்த ஊர்ப்பிள்ளைக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

சின்னப் பள்ளி நடக்காது என்று சொல்கிறவர்களை நான் திண்டிவனத்துக்கே கூப்பிடுவேன். பேராசிரியர் பிரபா கல்விமணி, இருளர்களின் உரிமைக்காகப் போராடுகிறவர், அங்கே தாய்த்தமிழ்ப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, நன்கொடையில் நடத்திக் காட்டினார். பிள்ளைகளின் அருகில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அரசே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தது 2021 அக்டோபர் 27இல், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில், எங்கள் மாவட்டத்தில்தான். ஊர்ப்பெண்கள் தன்னார்வலர்களாகி, மாலையில் திண்ணையிலும் கோயில் நிழலிலும் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். எழுத்தை மறந்திருந்த பிள்ளைகள் திரும்ப எழுத்துக் கூட்டியதை நான் கண்ணால் பார்த்தேன்.

பள்ளிக்கூடம் ஊருக்கு வேண்டாததாகவும் ஆகிவிடவில்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.யை ஒட்டி மழை கொட்டியது. ஓட்டு வீட்டுக்காரர்களும் குடிசைக்காரர்களும் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஓடி நின்றது ஒன்றியப் பள்ளிகளின் கான்கிரீட் கூரைக்குக் கீழேதான்.

மார்ச் மாதம் வந்தால் சேர்க்கைப் பேரணி. ஓய்வு பெற்ற பின்னும் கூப்பிட்டால் போகிறேன். தலைமையாசிரியை பதாகையைப் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் பறை அடிக்க, தெருத்தெருவாகப் போவோம். போன முறை ஊர்த் தெருவில் ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். என்னிடம் மூன்றாவது படித்தவள். இடுப்பில் பிள்ளை, ஐந்து வயதுக்குக் கொஞ்சம் குறைவு. சிற்றுண்டி, முட்டை, சீருடை, கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் என்று தலைமையாசிரியை எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் தெரியும் டீச்சர். அஞ்சு கிளாஸுக்கு எத்தினி டீச்சருங்க இருக்கீங்க?"

"ரெண்டு பேரும்மா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், இன்னும் ஒருத்தரை மட்டும் போடச் சொல்லுங்க. நானே கொண்டாந்து சேக்கறேன். வேனுக்கு மாசா மாசம் பணம் கட்ட முடியல."

நான் மனு எழுதி வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற தாய்மார் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் கைநாட்டு. அட்டவணைப்படி இடமில்லை என்று பதில் வந்திருக்கிறது. அட்டவணையை மாற்றச் சொல்லி அடுத்த மனுவைச் சென்னைக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம்.