ஆதிப்பொருள் கனவான்

இங்கிலாந்தில் நாலு பேர் கூடும் தேநீர் மேசை எதிலும் இந்தக் கனவான் ஒருவர் இருப்பார். ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது ஒரு சொல்லைத் தவறவிட வேண்டும். புயலில் ஊரே ‘டெசிமேட்’ ஆகிவிட்டது என்று தொலைக்காட்சியில் செய்தி வாசித்ததும், வீடிழந்தவர்களுக்குச் சேர வேண்டிய இரக்கம் முழுவதும் அந்தச் சொல்லுக்குப் போய்விடும். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். வகுப்பு தொடங்கப் போகிறது என்று அர்த்தம். ரோமானியப் படையில் குற்றம் செய்த பிரிவைத் தண்டிக்க, சீட்டுப் போட்டுப் பத்துப் பேருக்கு ஒருவராகக் கொல்வார்கள்; அதற்குத்தான் அந்தச் சொல்; ஆகவே நூறு வீட்டில் சரியாகப் பத்து வீடு விழுந்திருக்க வேண்டும் என்பார். விழுந்தது எத்தனை வீடு என்று மட்டும் கேட்க மாட்டார்.

ஒரு சொல்லின் மிகப் பழைய பொருள்தான் அதன் மெய்ப்பொருள் என்பது அவருடைய சித்தாந்தம். நம் ஊரில் நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். இவர் சொல்மூலம் பார்க்கிறவர். பார்க்கட்டும், ஆனால் மூலம் வரை போவதில்லை, தமக்கு வசதியான படித்துறையில் இறங்கிக் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார் என்பதுதான் என் புகார். ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தேங்கர் அபே’ நாவலில் வரும் ஹென்றி டில்னி இந்தக் கனவான்களுக்கு மூத்த அண்ணன். எதற்கெடுத்தாலும் ‘நைஸ்’ என்று சொல்லும் பெண்ணை அவன் கேலி செய்கிறான். ஆதியில் அது நேர்த்தியை, நயமான ரசனையைக் குறித்த சொல்லாம். எந்த ஆதி? அதற்கும் பல நூற்றாண்டு முன்னால், லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தில் வந்து இறங்கியபோது ‘நைஸ்’ என்றால் முட்டாள். லத்தீன் மூலத்துக்கோ ‘அறியாதவன்’ என்று பொருள். டில்னி சொன்ன சித்தாந்தத்தை டில்னியே கடைப்பிடித்தால், அவனுக்குப் பிடித்த நைஸான மனிதர்கள் எல்லோரும் மடையர்கள். ‘சில்லி’ தலைகீழ்க் கதை: ஒரு காலத்தில் பேறு பெற்றவர், இன்று அசடு. ‘கேர்ள்’ என்றால் முன்பு ஆணோ பெண்ணோ ஏதோ ஒரு குழந்தை. இவற்றையெல்லாம் பழைய பொருளில் வழங்கத் தயாரா என்றால் கனவான் நழுவிவிடுவார். இதற்கு நடுவே, சான்றில்லாத கதைக்கும் அவரிடம் பஞ்சமில்லை. இந்தியாவுக்குப் போகும்போது கப்பலின் இடப்புறமும் திரும்பும்போது வலப்புறமும் வெயில் படாத அறை பிடித்த பணக்காரர்களின் பயணச்சீட்டில் நான்கு எழுத்துக் குத்தியிருந்ததாம், அதிலிருந்துதான் ‘போஷ்’ பிறந்ததாம். அப்படி முத்திரை குத்திய சீட்டு ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை.

பழைய பொருள் தெரியாமல் ஷேக்ஸ்பியரை எப்படிப் படிப்பது என்று அவர் சார்பில் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நாடகங்களில் ‘லெட்’ சில இடங்களில் ‘தடு’ என்று பொருள்படும். இது தெரியாதவனுக்கு வசனம் தலைகீழாகிவிடும். ஆனால் அது புத்தகத்துக்கு ஆகும் அறிவு. ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருப்பவர் வாயை அடைக்க அல்ல. இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது: பொருள் நழுவினால் நுட்பமான வேறுபாடுகள் அழிந்துபோகும் என்பது. ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பதை நடுநிலையாளருக்கு ஒதுக்கி வைக்காமல், ஆர்வமில்லாதவருக்கும் வழங்குகிறார்களே என்று புலம்புவார். அந்த வேறுபாடு பயனுள்ளது. காப்பாற்றலாம் என்றே நானும் சொல்வேன். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் புரட்டினால், 17ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் முதலில் கிடைப்பதே ‘ஆர்வமில்லாத’ என்ற பொருளில்தான். அதாவது, நல்ல வழக்கு ஒன்றைக் காக்க நினைக்கிறவர் அதற்குக் கையில் எடுக்கக்கூடாத ஆயுதம் பழமைதான்.

இவரை எங்காவது சந்திக்க நேர்ந்தால் சண்டை வேண்டாம். ‘கட்டமரான்’ எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேளுங்கள். தமிழ் என்று சரியாகவே சொல்வார். மரங்களைச் சேர்த்துக் கட்டியது என்று விளக்கமும் தருவார். 1804இல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க பூலோன் துறைமுகத்தில் ஆங்கிலேயர் மிதக்கவிட்ட வெடிமருந்துப் பெட்டிகளுக்கும் அதே பெயர். பிறகு சண்டைக்காரப் பெண்மணிக்கும் அதே பெயர். இன்று கண்ணாடி இழையில் வார்த்த இரட்டை உடல் படகுக்கும் அதே பெயர். அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. இதில் எது மெய்ப்பொருள் ஐயா என்று கேட்டுவிட்டு, ஆறுவதற்குள் உங்கள் தேநீரைக் குடியுங்கள்.