அண்ணாந்து பார்த்தல்: ஒரு விசாரணை

அண்ணாந்து பார்ப்பதற்கென்று படைக்கப்பட்ட பிராணி மனிதன் அல்லன் என்பதற்கு, பெங்களூரின் வடகோடியிலுள்ள எலஹங்கா விமானப்படைத் தளத்தில் 1996-இல் தொடங்கிப் பெரும்பாலும் ஈராண்டுக்கொருமுறை நிகழ்ந்துவரும் ஏரோ இந்தியா கண்காட்சிக்குப் போய்த் திரும்பிய எவருடைய பிடரியும் சாட்சி சொல்லும். அத்தனை வேதனையையும் சகித்துக்கொண்டு அங்கே கூடும் ஜனத்திரளில் பெரும்பாலோர் காண்பது விமானத்தையன்று, விமானம் சற்று முன்பு இருந்துபோன வெற்று ஆகாயத்தையே என்பதுதான் இந்த ஆராய்ச்சிக்கு ஹேதுவாயிற்று.

இதற்குக் காரணம் காதை நம்புதல். நியாய சாஸ்திரிகள் பிரத்யட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்று நான்கு பிரமாணங்களை அங்கீகரித்தார்கள். அவர்கள் கூறிய சப்தம் ஆப்தருடைய வாக்கேயாயினும், ஜெட் விமானத்தின் கர்ஜனையையும் ஆப்தவாக்கென்று கொண்டவன் கெட்டான். ஓசை வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் தூரமே செல்லும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானமோ வினாடிக்கு 250 மீட்டர் கடந்துவிடும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த இரைச்சல் நம் செவியை எட்ட ஏறக்குறைய ஆறு வினாடி ஆகுமாகையால், நாம் அத்திசையில் திரும்பும்போது விமானம் ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னே போய்விட்டிருக்கும். ஆகவே ஓசை வரும் இடத்தை விட்டு, அது நகரும் திக்கில் வெகுதூரம் முன்னதாகப் பார்வையைச் செலுத்துக என்பதே சித்தாந்தம். இந்தச் சூத்திரத்தை யாரும் கற்பிக்காமலே அறிந்தவர்கள் குழந்தைகள். தகப்பனாரின் தோளில் அமர்ந்த சிறுவன், "அங்க இல்லப்பா, இந்தப் பக்கம்!" என்று அவர் தலைமயிரை இரு கைகளாலும் பற்றிக் கடிவாளம் போலத் திருப்புவதை அங்கே சாதாரணமாய்க் காணலாம்.

கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள சூலூரைத் தளமாகக் கொண்ட சாரங் குழுவினரின் துருவ் ஹெலிகாப்டர்கள் வரும்போது மட்டும் கண்ணுக்கும் காதுக்கும் சமாதானம் ஏற்படுகிறது. அவை மெதுவாகப் பறப்பவை. கழுத்துக்கு அதுவே விச்ராந்தி காலம்.

கைப்பேசியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஐந்து மீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் ஒன்பது ஹாக் விமானங்களைச் செலுத்தும் சூர்யகிரண் வீரர்களின் சாதனை, அதன் திரையில் அரிசி வண்டுகளின் ஊர்வலமாய் முடிகிறது.

"இவ்வளவு சிரமம் எதற்கு? மொட்டைமாடியில் நாற்காலி போட்டுச் செலவின்றிப் பார்க்கலாமே" என்பது பூர்வபட்சம். அக்கம்பக்கத்தார் பலர் அப்படியே செய்கிறார்கள். ஆனால் 2025-இல் ரஷ்யாவின் சுகோய்-57-உம் அமெரிக்காவின் எஃப்-35-உம் ஒரே மைதானத்திற்கு வந்திருந்த விந்தை எந்த மாடிக்கும் எட்டவில்லை. அன்றியும் மாடிவாசிகள் முதலில் கைதட்டி வரவேற்பது பெரும்பாலும் பருந்தை. விமானத்துக்குப் பரமசத்துரு அந்தப் பருந்துதான். இறைச்சிக் கழிவைத் தேடி அது வட்டமிடாதிருக்கவே, அவ்வாண்டு ஜனவரி 23 முதல் பிப்ரவரி 17 வரை, தளத்தைச் சுற்றி 13 கிலோமீட்டர் எல்லைக்குள் இறைச்சிக் கடைகளையும் அசைவ உணவகங்களையும் மூடிவைக்கும்படி மாநகராட்சி உத்தரவிட்டது. எந்த மடாதிபதியாலும் சாதிக்க இயலாத ஜீவகாருண்யத்தைப் போர்விமானம் சாதித்தது என்பதைச் சமய ஆராய்ச்சியாளர் கவனிப்பாராக.

வாசகருக்கு ஒரு வார்த்தை. கடைசி விமானம் தரையிறங்கியதும் வாகனத்தை நோக்கி ஓடவேண்டாம். பல்லாரி சாலையில் எதுவும் அசையப்போவதில்லை. தரையில் நிறுத்திவைத்துள்ள விமானங்களைக் கூட்டமின்றி, கழுத்தை நிமிர்த்தாமல், கிட்டேபோய்ப் பார்க்க வாய்ப்பது அந்த நேரத்தில்தான்.