குபேர லிங்கம் பிசினஸ் ப்ளானில் மட்டும்

திருவண்ணாமலையில் லாட்ஜ் வைத்திருப்பவர் சாமானியர் அல்ல. மகாதீபத்தன்று அவர் சொல்லும் வாடகையைக் கேட்டால், மலை ஏறாமலே மூச்சு வாங்கும். அப்பேர்ப்பட்டவருக்கே மொட்டை போட ஒரு ஆள் உண்டென்றால், அது வெப் ஹோஸ்டிங் விற்பவர்தான்.

லாட்ஜின் வெப்சைட்டுக்குப் பத்து ஜிபி இடம் என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். நாலு அறைப் படம், ஒரு வாடகைப் பட்டியல். ஒரு ஜிபிகூட நிறையாது. மிச்ச இடத்தில் முன்பதிவுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று என்று மெயில் முகவரி வைக்கப் போனால், இந்த ப்ளானுக்கு ஒரே அக்கவுண்ட்தானாம். மேல் ப்ளானில் ஐந்து. ஆறாவது வேண்டுமா, இன்னும் மேலே ஏறு.

மெயில் அக்கவுண்ட் என்பது என்ன? சர்வர் ஃபைல் ஒன்றில் பெயரும் பாஸ்வேர்டுமாக ஒரு வரி, கூட ஒரு ஃபோல்டர். வரும் மெயில் எல்லாம் நிறைவது, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய அதே பத்து ஜிபியில். கூகுளும் தலைக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறது. ஆனால் தலை கூடினால் இடத்தையும் கூட்டித் தருகிறது. (2006-இல் இலவசமாகக் கொடுத்துப் பழக்கி, 2012 டிசம்பரில் புதியவர்களுக்குக் கதவைச் சாத்தி, 2022-இல் பழைய வியாபாரிகளிடமும் பில்லை நீட்டியது தனிக்கதை.) ஹோஸ்டிங்காரர்கள் விற்பது அந்த ஒரு வரியை. அதுவும் மாத வாடகைக்கு!

இந்தப் புண்ணியவான்களிடம் கிரிவலப் பாதையைக் கொடுத்துப் பாருங்கள். 14 கிலோமீட்டரும் உங்களுக்கே. ஆனால் பாதையோர லிங்கங்களில், ஸ்டார்ட்டர் ப்ளானில் இந்திர லிங்கம் மட்டும். அக்னி, எமன், நிருதி வேண்டுவோர் சில்வருக்கு மாறவும். குபேர லிங்கம் பிசினஸ் ப்ளானில்தான். ‘அன்லிமிடெட்’ எடுத்தவர் எத்தனை சுற்றும் வரலாம். மொத்தக் காலடிக்கு மட்டும் வரம்பு உண்டு. மிகையில்லை. பல சர்வர்களில் மெயில் ஒவ்வொன்றும் ஒரு ஃபைல். ஐநோட் என்ற பெயரில் அந்த ஃபைல்களை எண்ணி ஓரிடத்தில் நிறுத்திவிடுவார்கள். அன்லிமிடெட்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி எதற்கென்று நினைத்தீர்கள்?

லாட்ஜ்காரர் மேல் ப்ளானுக்குப் போவதில்லை. ஒரே பாஸ்வேர்டை எழுதி ரிசப்ஷன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிடுகிறார். ரமணாசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களின் பாஸ்போர்ட் நகல் வந்து விழுவதும் அந்த முகவரியில்தான். அவர்கள் வந்திறங்கிய 24 மணி நேரத்துக்குள் விவரத்தை அரசு இணையதளத்தில் ஏற்றியாக வேண்டுமே. சம்பளத் தகராறில் எதிர் லாட்ஜுக்குப் போன கிளார்க், அங்கே உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் படிக்கிறார். ரூம் கேட்டு எழுதுபவருக்கு நூறு ரூபாய் குறைத்துச் சொல்லிப் பதிலும் போடுகிறார். பாஸ்வேர்டை மாற்றினால் நாலு பேர் செல்லிலும் மாற்ற வேண்டும். தீபம் முடியட்டும் என்று கிடக்கிறது.

விற்றவரைக் கேட்டால், “அக்கவுண்ட் கூடினா ஸ்பேம் கூடும் சார், ஐபி பிளாக்லிஸ்ட் ஆயிடும்” என்கிறார். ஸ்பேம் அனுப்புகிறவனுக்கு ஒரு அக்கவுண்ட் போதாதா? மணிக்கு இத்தனை மெயில்தான் போகும் என்று தனித் தடை வேறு போட்டிருக்கிறீர்களே! இன்னும் மேலே உள்ள ப்ளானுக்குப் பணம் கட்டியதும் அதே சர்வரில், அதே ஐபியில் ஐம்பது அக்கவுண்ட் திறந்துகொள்கிறதே, அப்போது பிளாக்லிஸ்ட் எங்கே போகிறது?

“அது கம்பெனி பாலிசி சார்.”

ரினியூவலுக்கு மூன்று மடங்கு பில் போடுவதும் பாலிசிதான். அது மட்டும் தவறாமல் அந்த ஒற்றை அக்கவுண்டுக்கு வந்துவிடுகிறது. முதலில் படிப்பவர் எதிர் லாட்ஜ் கிளார்க்.