ஏதென்ஸ் காட்டில் வசிய மருந்து

ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று விளக்க எங்கள் பேராசிரியருக்குப் பேச்சு போதவில்லை; சாக்பீஸ் தேவைப்பட்டது. கரும்பலகையின் நான்கு மூலைகளிலும் நான்கு பெயர்களை எழுதினார். லைசாண்டரிடமிருந்து ஹெர்மியாவுக்கு ஓர் அம்பு, அவளிடமிருந்து அவனுக்குத் திரும்ப ஓர் அம்பு. டெமெட்ரியஸின் அம்பும் ஹெர்மியாவுக்கே. ஹெலனாவின் அம்பு டெமெட்ரியஸுக்கு. ஹெலனாவை நோக்கி ஒன்றுமில்லை. இரண்டாம் அங்கத்தில் லைசாண்டரின் அம்பை அழித்து ஹெலனா பக்கம் திருப்பினார். மூன்றாம் அங்கத்தில் டெமெட்ரியஸின் அம்பும் அதே பக்கம் போனது. மணி அடித்ததும் பலகையை அழிக்காமலே கிளம்பிவிட்டார். அடுத்த பீரியடுக்கு வந்த வேதியியல் மாணவர்கள் அதை ஏதோ ஒரு வினை என்று நினைத்து நோட்டில் எழுதிக்கொண்டதாக எங்கள் கல்லூரியில் ஒரு கதை உண்டு. நினைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

எங்களுக்கு இந்த நாடகம் வருஷப் பரீட்சைக்கான பாடம். 1595 வாக்கில் எழுதப்பட்டது, 1600-ல் அச்சானது என்று ஆரம்பிக்கும் நோட்ஸ், ‘இதில் இயற்கைக்கு அப்பாற்பட்ட அம்சங்கள்’ என்ற எஸ்ஸே கேள்வி வரும் என்ற எச்சரிக்கையோடு முடியும். நடுவில் இருப்பது சிரிப்பு நாடகம் என்ற தகவல் நோட்ஸில் எங்கும் இல்லை.

ஆனால் பேராசிரியர் ஒரு நல்ல காரியம் செய்தார். நாடகத்தை வகுப்பில் உரக்க வாசிக்க வைத்தார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. இரவில் காட்டுக்கு ஓடிப் போகும் காதலர்களில் லைசாண்டர் வசனத்தை ஒரு பையனும் ஹெர்மியா வசனத்தை ஒரு பெண்ணும் வாசித்தால் விவகாரம் முதல்வர் அறைவரை போகும். ஆகவே எல்லா வேடங்களும் பையன்களுக்கே என்று முடிவானது. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் மேடையிலும் பெண் வேடமெல்லாம் பையன்களுக்குத்தான். நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட் மாதிரியேதான். கல்லூரி மேலிடத்தின் மீதிருந்த பயத்தில் எங்கள் வகுப்பு நானூறு வருஷத்து மரபைத் துல்லியமாகக் காப்பாற்றியது.

ஒரே ஒரு பிசகு. ஹெலனா நெட்டை, ஹெர்மியா குட்டை என்று நாடகம் தெளிவாகச் சொல்கிறது. மூன்றாம் அங்கத்தில் இருவரும் உயரத்தைச் சொல்லியே சண்டை போடுகிறார்கள். எங்கள் ஹெர்மியா கூடைப்பந்து அணியில் ஆடியவன். உட்கார்ந்தாலும் பின் பெஞ்சுக்காரனுக்குப் பலகை தெரியாது. ஹெலனாவாக வாசித்தவனின் தலை டெஸ்க்குக்கு மேல் பாதிதான் தெரியும். அவன் எழுந்து நின்று இவனைக் குள்ளி என்று திட்ட, இவன் உன் கண்ணைத் தோண்டிவிடுவேன் என்று குனிந்து மிரட்ட, பெண்கள் பக்கம் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தது.

கதையின் இயந்திரம் ஒரு பூ. மன்மதன் விட்ட அம்பு குறி தவறி ஒரு வெள்ளைப் பூவில் பட, அது ஊதா நிறமாகிவிடுகிறது. அதன் சாற்றைத் தூங்குகிறவர் கண்ணிமையில் விட்டால், விழித்ததும் முதலில் கண்ணில் படும் ஜீவன்மீது காதல் வந்துவிடும். தேவதைகளின் அரசன் ஓபரான் அதைக் கொண்டுவரத் தன் ஏவலாள் பக்கை அனுப்புகிறான். நாற்பதே நிமிஷத்தில் பூமியையே சுற்றி வந்துவிடுவேன் என்று கிளம்புகிறான் பக். இன்றைய விண்வெளி நிலையம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 90 நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்பதை நினைத்தால் இது அபாரமான சேவை. ஆனால், ‘ஏதென்ஸ் ஆடை உடுத்திய இளைஞன்’ என்பதுதான் ஓபரான் தந்த அடையாளம். காட்டிலோ அப்படி இரண்டு பேர். பக் தவறான ஆளின் கண்ணில் விட்டுவிடுகிறான், திட்டும் வாங்குகிறான். அரைகுறையாக ஆர்டர் போடுவது மேலதிகாரி, விளக்கம் எழுதிக் கொடுப்பது கீழே இருப்பவன் என்ற நிர்வாக முறை தேவலோகத்திலும் அப்படியே இருக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. டெமெட்ரியஸ் நாடகம் தொடங்குவதற்கு முன் ஹெலனாவைக் காதலித்தவன். பிறகு ஹெர்மியா பக்கம் சாய்ந்தவன். அந்தத் தாவலுக்கு எந்தப் பூவும் தேவைப்படவில்லை. சாறு பட்ட லைசாண்டரோ, விழித்த கையோடு ஹெலனாவிடம் போய், என் பகுத்தறிவு முதிர்ந்துவிட்டது, அதுதான் நீயே சிறந்தவள் என்று காட்டுகிறது என்று தர்க்கம் பேசுகிறான். மருந்து வேலை செய்வதற்கும் செய்யாததற்கும் ஆண்களிடம் என்ன வித்தியாசம் என்றே தெரியவில்லை. இது போதாதென்று, கடைசியில் லைசாண்டருக்கு மாற்று மருந்து போடுகிறார்கள், டெமெட்ரியஸுக்குப் போடுவதில்லை. அவன் மயக்கத்திலேயே தாலி கட்டுகிறான், மன்னிக்கவும், மோதிரம் மாற்றுகிறான். இதைப் பேராசிரியரிடம் கேட்டேன். “போர்ஷன் முடிக்கணும்” என்றார்.

உண்மையில் நான் இந்த நாடகத்தில் விழுந்தது காதலர்களுக்காக அல்ல, அந்த ஆறு தொழிலாளிகளுக்காக. தச்சர் பீட்டர் குவின்ஸ், நெசவாளி நிக் பாட்டம், துருத்தி பழுது பார்க்கும் ஃப்ளூட், ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் ஸ்னவுட், தையல்காரர் ஸ்டார்வ்லிங், மரவேலை செய்யும் ஸ்னக். ஏதென்ஸ் அரசன் தீசியஸின் கல்யாணத்தில் நாடகம் போட்டுப் பரிசு வாங்க ஆசைப்படுகிறார்கள். தேர்ந்தெடுத்த கதை பிரமஸ்–திஸ்பி. ரோமானியக் கவி ஓவிட் பாடிய அந்தக் கதையில் காதலர் இருவரும் செத்துப் போகிறார்கள். கல்யாண வீட்டுக்கு மிகப் பொருத்தமான தேர்வு.

இந்த ஆறு பேருடைய ஒத்திகையை வாசித்தபோது எங்கள் வகுப்பையே வாசிப்பது போலிருந்தது. பாட்டத்துக்குக் கதாநாயகன் வேடம் கொடுத்தால் போதவில்லை. கதாநாயகியும் நானே, சிங்கமும் நானே என்கிறான். ஒவ்வொரு கல்லூரி ஆண்டு விழாவிலும் இப்படி ஒருவன் உண்டு, அவனிடம்தான் மைக்கும் இருக்கும். ஃப்ளூட்டுக்குப் பெண் வேடம் பிடிக்கவில்லை. தாடி முளைத்துக்கொண்டிருக்கிறது என்கிறான். ஸ்னக் மட்டும்தான் நேர்மையான மாணவன். சிங்கத்தின் வசனத்தை எழுதி வைத்திருந்தால் இப்போதே கொடுத்துவிடுங்கள், எனக்கு மனப்பாடம் ஆக நாளாகும் என்று கேட்கிறான். வெறும் கர்ஜனைதானப்பா என்று அவனைச் சமாதானப்படுத்துகிறார் குவின்ஸ்.

ஃப்ளூட் செய்கிற காரியம்தான் உச்சம். அந்தக் காலத்தில் நடிகருக்கு முழு நாடகத்தையும் எழுதித் தரமாட்டார்கள். அவரவர் வசனம் மட்டும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால், எதிராளி முடிக்கும் கடைசிச் சில வார்த்தைகள் குறிப்பாக இருக்கும். எட்வர்ட் ஆலன் என்ற பெரிய நடிகருக்கு எழுதித் தந்த அப்படிப்பட்ட ஒரு பிரதி லண்டன் டல்லிச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. ஃப்ளூட் தன் பிரதியில் இருப்பதையெல்லாம், எதிராளியின் குறிப்பு வார்த்தைகள் உட்பட, ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறான். குவின்ஸ் தலையில் அடித்துக்கொள்கிறார். எங்கள் வகுப்பில் ஒருவன் கைடில் இருந்த எஸ்ஸேயை அப்படியே மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதினான். கடைசி வரி: ‘மேலும் விவரங்களுக்கு எங்கள் மற்ற வெளியீடுகளைக் காண்க.’

சிங்க விஷயத்துக்கு வருவோம். சிங்கத்தைப் பார்த்துச் சபையில் உள்ள பெண்கள் பயந்துவிட்டால் நம் ஆறு பேரையும் தூக்கில் போட்டுவிடுவார்களே என்று அவர்களுக்கு நடுக்கம். எனவே ஸ்னக் மேடையில் வந்ததும், நான் நிஜச் சிங்கம் இல்லை, ஸ்னக்தான் என்று சொல்லிவிட்டுத்தான் கர்ஜிக்கிறான். கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. 1594-ல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டையில் இளவரசருக்கு ஞானஸ்நான விருந்து. தேர் ஒன்றை உள்ளே இழுத்துவர ஒரு சிங்கத்தைத்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று கடைசியில் ஒரு மனிதரை இழுக்க வைத்தார்கள். இந்தச் செய்தி லண்டன்வரை வந்து ஷேக்ஸ்பியர் காதில் விழுந்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

அந்த வருஷ டிப்பார்ட்மென்ட் விழாவில் நாங்கள் பிரமஸ்–திஸ்பி பகுதியை நடித்தோம். எனக்குச் சுவர் வேடம். சுவர் என்றால் செட் அல்ல. மூலத்திலேயே ஸ்னவுட் சுவராக வந்து நின்று, விரல்களை விரித்துக் காட்டி இதுதான் ஓட்டை என்கிறான். வேலை முடிந்ததும், சுவராகிய நான் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். நாடக இலக்கியத்தில் இவ்வளவு மரியாதையான கட்டடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. லண்டனின் நாட்குறிப்புப் புகழ் சாமுவேல் பெப்பிஸ் 1662 செப்டம்பர் 29 அன்று இந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, ஆயுளில் கண்ட நாடகங்களிலேயே இதுதான் சப்பென்றும் அபத்தமாகவும் இருந்தது, இனி எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன் என்கிற அளவுக்கு எழுதினார். நடனமும் சில அழகிய பெண்களும்தான் அவருக்கு ஆறுதல். இந்தத் தகவல் நூலகத்தில் கிடைத்த அன்று பின் பெஞ்சு பெப்பிஸைத் தன் ஆஸ்தான விமர்சகராக அறிவித்துக்கொண்டது.

என் விமர்சகர் வீட்டில் இருந்தார். அப்பாயி. பரீட்சைக்குக் கதையைச் சொல்லிப் பார்க்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். அவருக்கு அரிசியில் கல் பொறுக்கும்போது யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். பூச்சாறு என்றதும் நிறுத்தினார்.

“கண்ணுலயா விட்டான்? கண்ணுல விட்டா கண்ணுதான் போவும். மருந்து வச்சா சோத்துல வைக்கணும்.”

ஓபரானும் அவன் ராணி டைட்டானியாவும் ஒரு இந்தியப் பையனுக்காகச் சண்டை போடுகிறார்கள் என்றேன். பையனின் தாய் டைட்டானியாவின் தோழி, பிரசவத்தில் இறந்தவள். இந்தச் சண்டையால் பருவம் தப்பி மழை பெய்து, ஆறு பெருகி, கதிர் அழுகிப் போகிறது. ஷேக்ஸ்பியர் இதை எழுதிய வருஷங்களில் இங்கிலாந்தில் நிஜமாகவே அடைமழையும் விளைச்சல் நாசமும்தான்.

“அந்தப் புள்ள எங்கடா?”

“மேடைக்கு வரவே மாட்டான் அப்பாயி. அவனுக்கு ஒரு வசனம்கூட இல்ல.”

“அப்ப இது புள்ளைக்கான சண்டை இல்ல. வரப்புத் தகராறு.”

டைட்டானியா கண்ணில் சாறு விட்டு, கழுதைத் தலையோடு நின்ற பாட்டத்தை அவள் காதலிக்கும்படி செய்து, அந்த மயக்கத்தில் பையனை எழுதி வாங்கிக்கொள்கிறான் ஓபரான். அப்பாயிக்குக் கழுதை பெரிதாகப் படவில்லை. எங்கள் உறவிலேயே இரண்டு மூன்று கல்யாணங்களைக் கோடி காட்டிவிட்டு மேலே சொல்லச் சொன்னார். பேராசிரியர் போர்ஷனுக்கு வெளியே தள்ளிய சந்தேகத்தையும் கேட்டு வைத்தேன். ஒருத்தனுக்கு மட்டும் மருந்தை இறக்காமல் விட்டுவிட்டார்களே, அது நியாயமா?

“விடுடா. தெளிஞ்சவன் மட்டும் என்னத்தக் கிழிச்சான்?”

ஐந்தாம் அங்கத்தில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. தொழிலாளிகள் நடிக்க, புது மாப்பிள்ளைகள் வரிக்கு வரி கிண்டல் அடிக்கிறார்கள். முந்தின இரவு இவர்கள் காட்டில் போட்ட கூத்தும் பிரமஸ்–திஸ்பி கதையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது ஒருவனுக்கும் உறைக்கவில்லை. அதுவரை வாய் ஓயாமல் பேசிய ஹெர்மியாவும் ஹெலனாவும் அங்கே பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அங்கம் முழுக்க ஒரு சொல் பேசுவதில்லை. ஏன் என்று பெரிய பெரிய கட்டுரைகள் இருக்கின்றன. அப்பாயி முறத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: “அதான் கல்யாணம் ஆயிடுச்சேடா.”

இன்டர்னல் டெஸ்டில் எதிர்பார்த்த கேள்வியே வந்தது. இயற்கைக்கு அப்பாற்பட்ட அம்சங்களைப் பற்றி எழுதினேன். மருந்து, வரப்புத் தகராறு, தெளிந்தவர்களின் யோக்கியதை, பெண்களின் மௌனம் என்று அப்பாயியின் கருத்துகளை நல்ல ஆங்கிலத்தில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘ஒரு விமர்சகர் கூறுவதுபோல்’ என்று சேர்த்துக்கொண்டேன். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘எந்த விமர்சகர்? பெயர் தேவை.’

அடுத்த டெஸ்டில் இனிஷியலோடு எழுதினேன். டிக் விழுந்தது.