தீனிக்கூண்டும் சருகும்

கார்த்திகை பிறந்தால் அடுக்குமாடிக்காரர்களுக்குப் பறவைப் பாசம் பொங்கிவிடும். ஆன்லைனில் தீனிக்கூண்டு வாங்குவார்கள். கூடவே, பனி கொட்டும் நாட்டுப் பறவைகளுக்கென்று சிபாரிசு செய்யப்பட்ட சூரியகாந்தி விதை ஒரு பாக்கெட். சென்னையில் அதற்கு வருவது புறா. தின்ற நன்றியை ஏசி பெட்டியின் மேல் காட்டிவிட்டுப் போகும்.

இதே பருவத்தையொட்டி இமயமலை அடிவாரப் பக்கமிருந்து ஆறுமணிக் குருவி வந்து இறங்குகிறது. பச்சை முதுகு, நீலத் தோள்பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. தீனிக்கூண்டை அது ஏறெடுத்தும் பார்க்காது. புதர் நிழலில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டி, அடியிலிருக்கும் புழுபூச்சியைத் தின்கிற ஜாதி அது. நம் குடியிருப்போர் சங்கத்துக்கோ சருகு ஆகாது. விடியுமுன் கூட்டிக் கொளுத்தி, புதரை மொட்டையடித்து, கொரியன் புல் விரித்து, பூச்சிமருந்தும் அடித்தாயிற்று.

“நம்ம வளாகத்துக்கு மட்டும் ஏன் சார் குருவியே வர்றதில்ல?”

செயலாளர் தீர யோசித்து, இன்னும் இரண்டு தீனிக்கூண்டுக்கு ஒப்புதல் வாங்கினார். குருவி, பக்கத்தில் சொத்துத் தகராறில் கிடக்கும் காலிமனையில், வருஷக்கணக்காகச் சேர்ந்த சருகுக்குள் வாடகையில்லாமல் குடியிருக்கிறது. அந்த மனையைச் சுத்தம் செய்யச் சொல்லும் மனுவில்தான் இப்போது கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.